உறைந்த ஆற்றின் முன்னால் ஷிபானாவின் சோதனை

என் மூத்த சகோதரிக்கு, நாங்கள் அழைக்கிறபடி சொன்னால் ராத்தாவுக்கு, பெல்ஜியத்தில் பேத்தி பிறந்தது. முறைப்படி போய்ப் பார்க்க வேண்டியவள் அவள்தான். ஆனால் அவளுடைய முழங்கால்கள் கிழக்கிலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதின் கடற்கரை வீதியைக் கடப்பதற்கே சம்மதிப்பதில்லை. "நீ இப்ப சும்மாதானே இரிக்காய், போயிட்டு வா" என்றாள். பென்சன் எடுத்த பெண்ணைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ள அபிப்பிராயம் இது. நான் தபால் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் இருந்து உத்தியோகம் பார்த்தவள். முத்திரை குத்துகிற சத்தத்துக்கு மேலால் சனத்தோடு கதைத்துப் பழகியதில் எனக்கு மெல்லக் கதைக்க வராமல் போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நடந்ததற்கு இந்தக் குரல்தான் காரணம்.

ராத்தாவின் மகள் ஷிபானா, என்னைச் சாச்சி என்று அழைக்கிறவள், ஊரில் சரித்திரம் படிப்பித்த ஆசிரியை. கல்யாணம் முடித்து மாப்பிள்ளை றிஸ்வானோடு கென்ட் என்ற நகரத்துக்குப் போனாள். அங்கே அவளுக்குக் கிடைத்தது குளிர் அறையில் மரக்கறி பொதி செய்கிற வேலை. குழந்தைக்காக எடுத்த லீவு முடிகிற கிழமையில்தான் நான் போய் இறங்கினேன். அதே கிழமையில் அவளுக்கு ஒரு சோதனை இருந்தது. நகரத்து நூதனசாலை ஒன்றில் படங்களை விளக்குகிற வழிகாட்டி வேலைக்கு விண்ணப்பித்து, கடைசிச் சுற்று வரைக்கும் வந்திருந்தாள். உண்மையான பார்வையாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய், டச்சு மொழியில் படங்களை விளக்கிக் காட்ட வேண்டும். சரிவந்தால் நூதனசாலை. சரிவராவிட்டால் திங்கட்கிழமை திரும்பவும் குளிர் அறை.

"விரலெல்லாம் விறைச்சிப் போகும் சாச்சி. ரெண்டு கையுறை போட்டாலும் ஒண்டுதான்" என்று விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே சொன்னாள். படிப்பித்த கையைப் பார்த்தேன். லீவில் நின்றும் ஆறாமல் விரல் மூட்டுகளில் தோல் வெடித்திருந்தது.

பெப்ரவரி மாதம். பனி கொட்டும், நானும் ஒரு வெள்ளை வெளியில் நின்று போட்டோ எடுத்து கல்முனையில் என்னோடு வேலை செய்தவர்களுக்கெல்லாம் அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். வெளியே பார்த்தால் சாம்பல் நிற வானம், பிசுபிசுவென்று தூறல், ரோட்டோரத்தில் தண்ணீர்.

"பனி எங்க புள்ள?"

"பனி இப்ப முந்தி மாதிரி இல்ல சாச்சி. மழைதான்."

"இது நம்மட மாரிதானே! இதைப் பார்க்கவா நான் இவ்வளவு தூரம் வந்த?"

வழியில் ஒரு கட்டடத்தில் பெரிய எழுத்தில் KANTOOR என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். கந்தோர்! உத்தியோக காலம் முழுவதும் நான் போய் வந்த சொல் பெல்ஜியத்தில் ஒரு சுவரில் நிற்கிறது. எங்களிடமிருந்து எப்போது எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். ஷிபானா சிரிக்காமலே, "அது டச்சுக்கார ஒல்லாந்தர் நம்மட ஊருக்கு வந்தநேரம் விட்டிட்டுப் போன சொல் சாச்சி. இஞ்சயும் அதே பாஷைதான்" என்றாள். சோதனைப் பயத்தில் இருக்கிற பிள்ளையிடம் பகிடி எடுபடாது என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் எனக்குச் சாப்பாட்டோடு சண்டை. காலையில் பாண். சரி, விருந்தாளி வீட்டில் கிடைத்ததைத் தின்போம். மத்தியானமும் பாண் வந்தது. அதுவும் நடுவில் சீஸ் வைத்து, ஆறிப்போய். இந்த நாட்டில் மத்தியானம் அடுப்பு மூட்டுகிற வழக்கம் குறைவாம். குளிருக்கு நடுங்குகிற சனம் குளிர்ந்த பாணைத் தின்கிறது, வேர்த்து ஒழுகுகிற நாங்கள் ஆவி பறக்கிற சோற்றைத் தின்கிறோம். இதில் எந்தப் பக்கத்துக்குப் புத்தி குறைவு என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. நான் பெட்டியில் கொண்டுபோன கொச்சிக்காய்த் தூளும் மாசிக் கருவாடும் இருந்ததால் உயிர் பிழைத்தேன்.

பின்னேரம் றிஸ்வான் பேக்கரி வேலையிலிருந்து வந்து, "சாச்சிக்குப் பொரிச்ச கிழங்கு வாங்கித் தாறன்" என்று கடைத் தெருவுக்குக் கூட்டிப் போனான். அந்த நாட்டுக்காரர்கள் உருளைக்கிழங்குப் பொரியலைப் பற்றிக் கதைக்கும்போது கண் பளபளக்கிறது. சந்திக்குச் சந்தி கடை. ஆனால் பழைய கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்களாம், அறுத்த விதம் தெரியாத மாடு. எண்ணெயில் பொரிக்கிற ஒரு மொரோக்கோக்காரர் கடையைத் தேடி நான்கு தெரு நடந்தோம். கடதாசிக் கூம்பில் சுடச்சுட வாங்கி, தூறலில் நின்றபடியே தின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ருசி. கூட வந்த வெள்ளைச் சட்னியை மட்டும் றிஸ்வானிடம் தள்ளிவிட்டேன். முட்டையும் எண்ணெயுமாக அடித்த அதை அவர்கள் கரண்டி கரண்டியாக அள்ளுகிறார்கள்.

ராத்தா ஒவ்வொரு நாளும் வீடியோவில் வருவாள். குழந்தை ஹனாவைக் காட்டச் சொல்வாள், மூக்கு யாருடையது என்று ஒரு வழக்கு நடக்கும், பிறகு தன் கவலைக்கு வருவாள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் அதன் பெயரில் ஒரு வீட்டைக் கட்டி வைத்துவிட்டுத்தான் மாப்பிள்ளை பார்ப்போம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். "இவளுக்கு வளவு எங்க பார்க்கிற, சாய்ந்தமருதிலயா பெல்ஜியத்திலயா?" என்று ராத்தா பால் குடிக்கிற குழந்தையைப் பார்த்துக் கேட்டாள். ஷிபானா, "உம்மா, முதல்ல எனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும்" என்று போனைக் குழந்தையின் பாதத்துக்குத் திருப்பிவிட்டாள்.

அடுத்த நாள் ட்ராமில் ஒரு கூத்து நடந்தது. மீன் வாங்கப் போகிறேன் என்று தனியாகக் கிளம்பினேன். தபால் கந்தோரில் இருந்தவளுக்கு முகவரி கண்டுபிடிக்கத் தெரியாதா என்ற பெருமைதான். ஏறினது சரியான ட்ராம், போனது மற்றப் பக்கம். வீடுகள் குறைந்து வயல் தெரியத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர் பஸ்ஸில் செய்வதுபோல எழும்பி நின்று, "இறக்கம்! இறக்கம்!" என்று கத்தினேன். வண்டி நிற்கவில்லை. ஒரு பொத்தானை அமத்த வேண்டுமாம். ஒரு பையனின் காதிலிருந்த பாட்டுக் கருவி கழன்று விழுந்தது. கடைசித் தரிப்பிடத்தில் ட்ராம் ஓட்டுநர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிவந்த முகம், பெரிய மீசை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிலைமையை விளக்கினேன். "அப்படியே இருங்கள், இதே வண்டிதான் திரும்பிப் போகும்" என்றார். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு ஆப்பிள் தந்தார். நன்றி சொல்கிற வேகத்தில், ஒல்லாந்துச் சனம் நல்ல சனம் என்று சொல்லிவிட்டேன். மனிதருக்கு முகம் மாறிவிட்டது. "நாங்கள் ஒல்லாந்தர் இல்லை. பாஷை ஒன்று, ஆனால் நாங்கள் வேறு. நாங்கள் பிளெமிஷ்காரர்" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. சாய்ந்தமருதுக்காரரைப் பார்த்து, "நீங்க கல்முனைதானே" என்று கேட்டால் வருகிற கோபம் அது. கைகூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். மீன் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஷிபானா குசினியில் வெங்காயம் வதக்கிக்கொண்டே சுவரோடு டச்சில் கதைத்துக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிய ஒரு தபாலட்டை. அதுதான் அவள் விளக்க வேண்டிய படங்களில் முக்கியமானது. நானூறு வருடத்துக்கு மேல் பழையது, வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு கிராமமும் அதன் மாரிகாலமும் என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நடுவில் அகலமாக வெளுத்த ஒரு பரப்பு. அதன் மேல் நிறையச் சனம். சிலர் குனிந்து கோல் வைத்திருக்கிறார்கள், சிலர் கை விரித்து நிற்கிறார்கள். ஓரத்தில் மரம், மரத்தில் காகம், தூரத்தில் கோயில் கோபுரம்.

"வட்டைக்குள்ள தண்ணி ஏறி நிக்கிது" என்றேன். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. "விதைக்கிறதுக்கு முன்னால சேறு மட்டம் பண்ணுறாங்க. நற்பிட்டிமுனைப் பக்கம் போனா இப்பவும் பார்க்கலாம்."

ஷிபானா அகப்பையோடு திரும்பினாள். "சாச்சி, அது ஆறு. ஆறு முழுக்க உறைஞ்சி போச்சு. அவங்க அதுக்கு மேல சறுக்கி விளையாடுறாங்க."

"ஆத்துக்கு மேலயா? விழமாட்டாங்களா?"

"அந்தா ஒராள் விழுந்து கிடக்கான் பாருங்க."

கிடந்தான். தொப்பி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு பிள்ளை ஏதோ மிருகத்தின் தாடை எலும்பில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு மனுசி விறகுச் சுமையோடு யாரையும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். சந்தை நாளில் கல்முனை பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி எனக்கு நேரம் போனதே தெரியவில்லை.

ஆனால் ஷிபானா அந்தப் படத்தை விளக்கியபோது அந்த ஆட்களில் ஒருவரும் கண்முன் வரவில்லை. நான்தான் பார்வையாளர் கூட்டம், என் மடியில் ஹனா. அவள் நேராக நின்று, கைகளைக் கட்டி, பாடமாக்கினதை ஒப்புவித்தாள். டச்சு தெரியாத எனக்கே அது ஒப்புவிப்பு என்று தெரிந்தது. பாதியில் ஒரு சொல் தடுக்கினால் திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.

"படிக்கிறநேரம் எல்லாம் வருது. யாராச்சும் என்ட முகத்தைப் பார்த்தாப் போதும் சாச்சி, முழுப் பாஷையும் ஓடிப் போயிருது" என்றாள். "சோதனைக்குப் பொறுப்பான மனுசி ஒராள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பா. அவ்வளவுதான் நான்."

"நீ நம்மட ஊர்ல எட்டாம் வகுப்புப் பொடியன்களையே சமாளிச்சவள்."

"அது தமிழ்ல."



சோதனை நாள் வந்தது. ஹனா போத்தல் பால் குடிக்கமாட்டாள், அந்த விசயத்தில் அவள் ராத்தாவின் பேத்திதான். அதனால் சுற்று முடிந்ததும் தாய் பால் கொடுக்க வசதியாக நான் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நூதனசாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. "முடிஞ்ச பிறகுதான் வரணும் சாச்சி. நீங்க பார்த்துக்கொண்டு நிண்டா எனக்கு ஒண்டும் வராது" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வெள்ளென போய்விட்டாள். நானும் கேட்டிருப்பேன். ஆனால் முந்திய ட்ராம் கூத்துக்குப் பயந்து நேரத்தோடு கிளம்பினேன். அன்றைக்கென்று பார்த்து ட்ராம் சரியான பக்கம் போனது. சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே நான் போய் நின்றேன். வாசலில் நின்ற காவலாளி உதட்டில் விரலை வைத்துக் காட்டி, தூங்குகிற குழந்தையைப் பார்த்துச் சிரித்து, உள்ளே விட்டார்.

மூன்றாவது அறையில் இருந்தார்கள். பென்சன்காரர்களாய் ஒரு கூட்டம், என் வயதும் அதற்கு மேலும். பின்னால் கட்டை மயிர் வெட்டிய உயரமான ஒரு பெண், கையைக் கட்டிக்கொண்டு. இவதான் அந்தப் பொறுப்பானவ என்று கேட்காமலே தெரிந்தது. முன்னால் எங்கள் படம். எங்கள் வீட்டு ஜன்னலில் பாதி அளவுகூட வராது. ஆனால் தபாலட்டையில் சாம்பலாகத் தெரிந்த ஆறு இங்கே பச்சையும் மஞ்சளுமாய் மினுங்கியது.

ஷிபானா ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். பிழையில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. சனம் மரியாதையாகக் கேட்டது. ஒரு மனுசி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், இன்னொருவர் கொட்டாவியை விழுங்கினார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளுவண்டியை நிறுத்திக்கொண்டு ஸலவாத்து ஓதத் தொடங்கினேன்.

அப்போதுதான் முன் வரிசையில் நின்ற ஒரு கிழவர் கையை நீட்டினார். கடலில் காய்ந்த முகம், எங்கள் மீனவர்களின் முகத்துக்கு வெள்ளை அடித்தால் இப்படித்தான் இருக்கும். படத்தின் ஒரு மூலையைக் காட்டி என்னவோ கேட்டார். ஆற்றங்கரையில், உறைந்த தண்ணீருக்கு மேலால் நீட்டிக்கொண்டு நின்ற சின்ன மரக்குடிலைத்தான் காட்டினார். அது என்ன என்று கேட்கிறார் என விளங்கிக்கொள்ளப் பாஷை தேவைப்படவில்லை.

அது ஷிபானா பாடமாக்கினதில் இல்லை. அவள் குடிலைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. பொறுப்பான பெண் ஒரு எட்டு முன்னால் வந்தாள். ஷிபானாவின் காது சிவந்தது. அவள் தேடித் தேடி, கூட்டத்துக்கு மேலால் பார்த்து, என்னைக் கண்டுவிட்டாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. உதடு மட்டும் தமிழில் அசைந்தது: "என்னது சாச்சி அது?"

எனக்கு நன்றாகத் தெரியும் அது என்னவென்று. எங்கள் ஊருக்கு நடுவால் போகிற தோணா என்கிற ஓடைக் கரையில் ஒரு காலத்தில் இப்படித்தான் தண்ணீருக்கு மேலால் நீட்டி, ஓலையால் மறைத்து வைத்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும், தூங்குகிற ஒருத்தியும்தான் என்ற துணிச்சல் வேறு. மெல்லச் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னேன்.

"கக்கூசு புள்ள! ஆத்தங்கரைக் கக்கூசு!"

தபால் கந்தோர்க் குரல் மண்டபத்துக் கூரையில் முட்டி, மூன்று அறைக்கும் போய்த் திரும்பி வந்தது.

எல்லாத் தலைகளும் திரும்பின. பிறகு அந்தக் கிழவர் தன் காதை நம்பாதவர்போல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கக்கூஸ்?"

அச்சொட்டாக அப்படியே கேட்டார். என் வாய்க்குள்ளிருந்து எடுத்த மாதிரி. கூட்டம் வெடித்துச் சிரித்தது. கடிகாரம் பார்த்த மனுசி பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஏதோ விளக்கினார். ஷிபானாவிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்: அது அவர்களுடைய சொல்தானாம். கந்தோர் வந்த கப்பலிலேயே கக்கூசும் வந்திருக்கிறது. இப்போது அங்கே நல்ல இடத்தில் அந்தச் சொல்லை யாரும் எடுக்கமாட்டார்களாம், அவ்வளவு பச்சை. கடற்கரைக் கிராமத்துக்காரரான அந்தக் கிழவர் தன் பாட்டனுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அதைக் கேட்கிறாராம், அதுவும் முக்காடு போட்ட ஒரு மனுசியின் வாயிலிருந்து, நூதனசாலைக்குள்.

எனக்கு அப்போது இது ஒன்றும் தெரியாது. நான் கண்டது ஷிபானாவின் முகம் செத்துப்போனதையும், பொறுப்பான பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதையும்தான். முடிந்தது என்று நினைத்தேன். பிள்ளையின் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். யா அல்லாஹ், அந்தத் தூண் என்னை விழுங்காதா என்று நின்றேன்.

அந்த நேரத்தில் ஷிபானா சிரித்தாள். நான் வந்து இறங்கிய நாளிலிருந்து அவளுடைய பல்லைக் காணவில்லை. இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கட்டியிருந்த கையைப் பிரித்தாள். கதைக்கத் தொடங்கினாள்.

இது ஒப்புவிப்பு இல்லை. எட்டாம் வகுப்புப் பொடியன்களுக்கு முன்னால் நின்ற டீச்சர் திரும்பி வந்திருந்தாள். என்னைக் காட்டி ஏதோ சொன்னாள், எல்லோரும் எனக்குக் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன். "மட்டக்களப்பு" என்றாள், அங்கே இருக்கிற ஒல்லாந்தர் கோட்டையைக் கையால் வரைந்து காட்டினாள். "கந்தோர்" என்றாள், கூட்டம் ஒரே குரலில் திருப்பிச் சொன்னது. "லாச்சி" என்று மேசை இழுப்பறையை இழுப்பதுபோல் காட்டினாள். "போஞ்சி" என்றாள். பீன்ஸ் காயின் நீளத்தை விரலால் அளந்து காட்ட, ஒரு மனுசி கண்டுபிடித்துக் கூவினாள். அங்கேயும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். பள்ளிக்கூடம்போல் ஆகிவிட்டது. ஷிபானா ஓரிரு இடத்தில் தடுக்கினாள். தடுக்கின இடத்தில் கூட்டமே சொல்லை எடுத்துக் கொடுத்தது, அவள் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டேயிருந்தாள்.

பிறகு குரலைத் தணித்து, படத்தில் வேறொன்றைக் காட்டினாள். நான் தபாலட்டையில் கவனிக்காதது. கரையோரத்தில் ஒரு படகு, பனிக்குள் இறுகிப்போய். அதற்குப் பக்கத்தில் தண்ணீர் ஆலையின் சக்கரம், அதுவும் அசையாமல். கூட்டம் சத்தம் அடங்கிக் கேட்டது. அவள் அப்போது சொன்னதை அன்று பின்னேரம் ட்ராமில் வரும்போது தமிழில் எனக்குச் சொன்னாள்.

"ஆறு உறைஞ்சா படகு போகாது, ஆலை ஓடாது, வயலும் இல்ல. இவங்க எல்லாரும் வேலை இல்லாம நிக்கிற ஆக்கள் சாச்சி. அதுதான் விளையாடுறாங்க. மாரியில என்ட வாப்பா மீன்பிடி போட்டைக் கரையில ஏத்திப் போட்டிட்டு, கூட்டாளிமாரோட டாம் விளையாடிச் சிரிச்சிக்கொண்டிருப்பாரே. அப்ப யாராச்சும் வந்து படம் கீறியிருந்தா நம்மட ஊரும் சந்தோசமான ஊராத்தான் தெரிஞ்சிருக்கும். வீட்டில உம்மா அரிசிப் பானைக்குள்ள கைய விட்டுப் பார்த்ததை யாரு கீறப்போறா? அதைத்தான் சொன்ன."

கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி விளையாடுகிற அந்த டாமும் அவர்களுடைய சொல்லே. ஆனால் அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கிழவர்தான் சொன்னாராம்: "என் அப்பாவும் அப்படித்தான். கடல் விடாத நாட்களில் சீட்டாடுவார். அம்மா சூப்பில் தண்ணீரைக் கூட்டுவார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் கண்டேன்.

அந்த ஒரு படத்துக்கு முன்னாலேயே நேரம் எல்லாம் போய்விட்டது. கடைசி அறைக்கு அவர்கள் போகவே இல்லை. அங்கே இரண்டு முக்கியமான படங்கள் இருந்தனவாம். பொறுப்பான பெண் எல்லோரும் போன பிறகு ஷிபானாவிடம் சுருக்கமாக ஏதோ சொன்னாள், சிரிக்கவில்லை. "நாளைக்கு போன் எடுப்பாவாம். ரெண்டு படம் விட்டுப் போச்சு எண்டு சொன்னா" என்று ஷிபானா குழந்தையை வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் றிஸ்வான் விசயத்தைக் கேட்டுவிட்டுக் கதிரையிலிருந்து சரிந்து விழப் பார்த்தான். வீடியோவில் வந்த ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. "வெளிநாட்டுக்குப் போய், அத்தனை ஆம்பிளையளுக்கு முன்னால கக்கூசெண்டா கத்தின நீ? படிச்ச மனுசிதானே?" என்று தலையில் கைவைத்தாள். "அவங்கட சொல்தான் ராத்தா" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஒருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. நான் ஒரு கோழிக் கறி வைத்தேன், உப்புப் போட மறந்தேன். ஷிபானா மேசையில் போனை வைத்துவிட்டு, குளிர் அறைக்குப் போடுகிற தடித்த சப்பாத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "வைச்சிட்டு வா புள்ள, இன்னும் போனே வரல்ல" என்றேன். அவள் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

போன் அடித்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கதைத்தாள். யா, யா, என்றாள். நே, என்றாள். வெகு நேரம் சும்மா கேட்டாள். முதுகைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். பிடித்துக்கொண்டு கடகடவென்று சொல்லத் தொடங்கினாள்.

டச்சில்.

ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு அது தெரியவேயில்லை. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது, பேச்சு நிற்கவில்லை. சத்தம் கேட்டு ஹனாவைத் தூக்கிக்கொண்டு வந்த றிஸ்வான் இரண்டு வசனம் கேட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்! கிடைச்சிட்டு சாச்சி, வேலை கிடைச்சிட்டு!" என்று கத்தினான். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைச் சுற்று இனி அவளுடையதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுற்றும் அவளிடம்தானாம். அந்தக் கிழவர் அடுத்த முறை தன் கிராமத்து ஆட்களையே கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். "மறுகா, அந்தக் குடில் மீன் பிடிக்கிற குடிலாத்தான் இருக்கும் எண்டு அவங்க நினைக்கிறாங்களாம் சாச்சி. கக்கூஸ் இல்லையாம்."

"நினைக்கட்டும்" என்றேன். எனக்குச் சந்தோசம்தான். சந்தோசத்துக்குள்ளே ஒரு சின்ன முள்ளும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, பிறந்த நேரத்தில் என் சேலைத் துண்டில் சுற்றி ராத்தாவிடம் கொடுத்த பிள்ளை, தன் சந்தோசத்தை எனக்குச் சொல்வதற்கு நடுவில் ஒரு ஆள் தேவைப்படுகிறது.

றிஸ்வானுக்கும் அது பட்டிருக்க வேண்டும். "ஷிபா," என்றான், "சாச்சியோட டச்சில கதைக்கிறாய்."

அவள் சட்டென்று நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு, கலங்கிய கண்ணோடு என்னைப் பார்த்தாள். தமிழைத் தேடுகிறாள் என்று தெரிந்தது.

நான் அந்த வெடித்த விரல்களை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"நிப்பாட்டாத மகள்," என்றேன். "அதிலயே சொல்லு. எனக்கு விளங்குது."